குடிக்கிற ஃபுளோரைடும் பூசுகிற ஃபுளோரைடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் பல் முகாம் என்றால், பிள்ளைக்கு ஃபுளோரைடு பூச்சுப் போடச் சம்மதமா என்று கேட்டு முதல் நாளே வீட்டுக்கு ஒரு படிவம் போகும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் அந்தப் படிவத்தைப் பார்க்கிற பெற்றோர் பல் டாக்டர்களான எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போர் தண்ணியில ஃபுளோரைடு இருந்தா பல்லு கறை பிடிக்கும்னு நீங்கதான் சொல்றீக. இப்ப அதையே எம்பிள்ள பல்லுல பூசணுங்கிறீக. எது நெசம்?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்கான பதில் கிடைக்காததால்தான் பலர் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரண்டும் நிஜம். கறை என்பது தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, அளவுக்கு மீறிய ஃபுளோரைடை நாள்தோறும் விழுங்குவதால் வருவது. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, இன்னும் வெளியே வராத பல்லைப் பாதிக்கிறது. பூச்சு அப்படியில்லை. முளைத்து வெளியே நிற்கிற பல்லின் மேற்பரப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை, சில சொட்டு அளவு தடவுவது அது. வேலை செய்கிற இடமும் மேற்பரப்புதான்.

இது எப்படிக் காக்கிறது என்பதற்கு, சொத்தை எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எனாமல் என்கிற பல்லின் மேலோடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். பல்லின் மேல் நகத்தால் வழித்தால் வருகிற வெள்ளை மாவுப் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான கிருமிகள் குடியிருக்கின்றன. 'பல்லில் பூச்சி' என்று நாம் சொல்வது இவற்றைத்தான். சீனி கிடைத்தால் இவை அமிலத்தை வெளிவிடும். அமிலத்தைக் காட்டும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர்; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது. வாயின் பிஎச் அளவு சாதாரண நேரத்தில் 7-ஐ ஒட்டி இருக்கும். ஒரு வாய் இனிப்பு போன சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்துக்குள் அது 5.5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை அந்த 5.5. எச்சில் அமிலத்தை முறித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் போல ஆகும். அதற்குப் பிறகு எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் திரும்பப் படிகின்றன. கரைவதும் படிவதும் நாள் முழுக்க நடக்கிற வரவு செலவு. பேரேடு எழுதி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செலவு தொடர்ந்து மிஞ்சினால் பல்லில் குழி விழும்.

படிகிற நேரத்தில் வாயில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால், புதிதாகப் படியும் படிகம் பழையதைவிட உறுதியாக அமைகிறது. அது கரைய பிஎச் 4.5 வரை இறங்க வேண்டும். பிஎச் கணக்கில் ஒரு எண் இறங்குவது பத்து மடங்கு அமிலம் என்பதை நினைவில் வைத்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும். கால்சியம் படிகிற வேகமும் கூடுகிறது, கிருமி அமிலம் சுரப்பதும் ஓரளவு மட்டுப்படுகிறது. அடர்த்தியான பூச்சைத் தடவும்போது இன்னொன்றும் நடக்கிறது: கால்சியம் ஃபுளோரைடு பொடிப்பொடியாகப் பல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வாயில் அமிலம் ஏறும்போதெல்லாம் அது கொஞ்சம் கரைந்து ஃபுளோரைடைக் கொடுக்கும். அந்த இருப்பு சில மாதங்களில் தீர்ந்துபோகிறது. ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிட்டால் பலன் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

சொத்தை கறுப்புக் குழியாகத் தொடங்குவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் முன்பற்களைத் துடைத்து ஈரம் போனபின் பாருங்கள். ஈறை ஒட்டிப் பிறை வடிவில், மினுமினுப்பு இல்லாமல், சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை தெரிந்தால் அதுதான் தொடக்கம். எச்சில் ஈரத்தில் அது கண்ணில் படாது. அதனால்தான் துடைக்கச் சொல்கிறோம். இந்தக் கட்டத்தில் பல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். துளை விழுந்துவிட்டால் எந்தப் பூச்சும் அதை மூடாது, அடைக்கத்தான் வேண்டும். தண்ணீரால் வந்த கறையை இதிலிருந்து பிரித்தறியலாம்: அது பல் முளைக்கும்போதே இருக்கும், இடது வலது ஜோடிப் பற்களில் ஒரே மாதிரி இருக்கும், ஈறோரத்தில் நிற்காமல் பல்லின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஓடும். கடுமையானால் பழுப்பாகும், சிறு குழிகள் விழும்.

தண்ணீர் விஷயத்தில் பயம் வீண் பயம் இல்லை. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தண்ணீரில் மிஞ்சிய ஃபுளோரைடால் வரும் நோயைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் இதுவே பெரிய காரணம். நம் செட்டிநாட்டு ஊர்களில் ஒரு தெருவின் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் பொருந்தாது. ஊருணியும், ஓட்டுக் கூரையிலிருந்து வளவில் இறங்கிச் சேரும் தண்ணீரும் மழைநீர். அதில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து எடுக்கும் போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்பது அந்தந்தப் பாறையைப் பொறுத்தது. சுவையை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிய பின் பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும்; கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரியும் என்பதால் கணக்குத் தவறும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் இருந்தால் சமைக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். ஆனால் அதைக் காரணம் காட்டிப் பூச்சை மறுக்க வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிற வீடுகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கருவி ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேஸ்டும் பூச்சும் இன்னும் அவசியம்.

இனிப் பூச்சு. இதற்கு வார்னிஷ் என்று பெயர். 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடைப் பைன் மரப் பிசினில் கலந்தது. பத்து லட்சத்தில் 22,600 பங்கு ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம். பால் பற்கள் மட்டும் இருக்கிற குழந்தைக்கு 0.25 மில்லி போதும், பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் வயதில் 0.4 மில்லி. 0.25 மில்லியில் இருப்பது 5.65 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஆபத்து என்று கருதப்படும் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 50. மொத்தப் பூச்சையும் விழுங்கினாலும் அதில் எட்டில் ஒரு பங்குக்குள்தான் வரும். அதுவும் ஒரேயடியாக உள்ளே போவதில்லை, பல்லில் இறுகி மெல்ல மெல்லக் கரைகிறது.

போடும் முறை எளிது, ஆனால் கவனம் வேண்டும். பல் துலக்கியிருக்க வேண்டும், அல்லது பஞ்சுத் துணியால் மாவைத் துடைத்தெடுக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் தாயும் டாக்டரும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் தலையை டாக்டர் மடியில் சாய்த்துக்கொள்வது வசதி. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்து, பிரஷ்ஷால் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். எச்சில் தேங்குவது கீழே என்பதால் கீழ் வரிசையை முதலில் முடிப்பது நல்லது. எச்சில் பட்டதும் பூச்சு இறுகிவிடும். மொத்தமே இரண்டு மூன்று நிமிட வேலை. வலி இல்லை, ஊசி இல்லை.

தவறு நடப்பது எங்கே என்றால், ஒன்று, மருந்தைக் கலக்காமல் தடவுவது. சிறு கிண்ணத்தில் வரும் வார்னிஷில் ஃபுளோரைடு அடியில் தங்கியிருக்கும்; பிரஷ்ஷால் நன்றாகக் கலக்காவிட்டால் மேலே தடவியது வெறும் பிசின். இன்னொன்று, கனமாகப் பூசுவது. கூடப் பூசினால் கூடப் பலன் என்பது இல்லை; கட்டியாக உரிந்து வரும், அவ்வளவுதான். பள்ளி முகாம்களில் அடிக்கடி நடக்கிற தவறு நேரம். காலை பதினொன்றரைக்குப் பூச்சுப் போட்டு, பன்னிரண்டரைக்குச் சூடான சோற்றில் பிள்ளைகளை உட்காரவைத்தால் பூசியதில் பாதி தட்டில்தான் போகும். நான்கு மணி நேரம் சூடானதும் மொறுமொறுப்பானதும் வாயில் போகக் கூடாது. ஆகவே முகாமை மதிய உணவுக்குப் பிறகு வையுங்கள். பூச்சு முடிந்ததும் பழக்கதோஷத்தில் "போய் வாய் கொப்பளி" என்று யாரும் அனுப்பிவிடாமல் ஒரு ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். அன்றிரவு ஆறின இட்லியோ தயிர்ச் சோறோ கொடுக்கலாம். முறுக்கு, சீடை மறுநாள். பிரஷ்ஷும் மறுநாள் காலையில்தான். பல் அன்றைக்கு மஞ்சளாகத் தெரிந்தால் பதற வேண்டாம், துலக்கியதும் போய்விடும்.

பெற்றோர் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஒட்டுப் பிளாஸ்திரி ஒட்டினால் பிள்ளைக்குத் தோல் தடிக்குமா? அந்தப் பசையிலும் இதே பிசின் இருக்கக்கூடும். வாய்ப்புண், ஈறில் புண் இருந்தால் ஆறிய பிறகு போடலாம். ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளை என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு 2013-ல் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், வார்னிஷ் போட்ட பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 43 விழுக்காடும், பால் பற்களில் 37 விழுக்காடும் குறைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுக்கணக்கு. ஏற்கெனவே சொத்தை உள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

பல் வரிசை வடிவத் தட்டில் ஊற்றி நான்கு நிமிடம் கவ்வவைக்கும் ஃபுளோரைடு ஜெல்லும் ஒன்று உண்டு. அதில் ஃபுளோரைடு 1.23 விழுக்காடு. இரு தாடைக்கும் சேர்த்து 5 மில்லி என்று வைத்தால் அதில் 61.5 மில்லிகிராம் ஃபுளோரைடு. துப்பத் தெரியாத பன்னிரண்டு கிலோ குழந்தை இதை விழுங்கினால் ஆபத்து எல்லையைத் தாண்டிவிடும். அதனால் ஆறு வயதுக்குக் கீழ் ஜெல் கூடாது. பெரிய பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்து, உறிஞ்சுகுழாய் வைத்து, முடிந்ததும் ஒரு நிமிடம் நன்றாகத் துப்ப வேண்டும். அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். பீங்கான் உறை போட்ட பல் உள்ளவர்களுக்கு இந்த அமில ஜெல் உறையின் பளபளப்பை அரித்துவிடும், அவர்கள் சொல்லிவிட வேண்டும்.

குழி விழுந்த பால் பல், குழந்தையோ நாற்காலியில் உட்கார மறுக்கிறது என்றால் சில்வர் டையமின் ஃபுளோரைடு இருக்கிறது. 38 விழுக்காடு திரவம், ஒரு சொட்டுப் போதும், சுமார் ஒரு நிமிடம். சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். உதட்டில் பட்டால் ஒரு வாரம் போலக் கறை நிற்கும், துணியில் பட்டால் போகாது. இதைப் போடுமுன் பெற்றோருக்குக் கறுப்பைப் படம் காட்டிச் சொல்லிவிட வேண்டும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதையும் ஃபுளோரைடு பேஸ்டையும் சேர்த்தது.

எங்களை மிகவும் வருத்துகிற பல் ஒன்று உண்டு. ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழவில்லையே, அப்படியானால் இதுவும் பால் பல்தான் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க மென்று தின்ன வேண்டிய நிரந்தரப் பல் அது. பிரஷ் எட்டாத இடம், முழுதாக மேலே வரப் பல மாதம் ஆகும், அதற்குள் மேல்பரப்பின் பள்ளங்களில் சொத்தை இறங்கிவிடும். அந்தப் பள்ளங்களில் ஃபுளோரைடின் பலன் குறைவு, வழவழப்பான பக்கங்களில்தான் அதிகம். எனவே இந்தப் பல்லுக்குப் பூச்சோடு பள்ளங்களை அடைக்கும் சீலன்ட்டும் சேர்த்துப் போட வேண்டும். பன்னிரண்டு வயதில் வரும் அடுத்த கடைவாய்ப்பல்லுக்கும் அப்படியே.

பூச்சு ஆண்டுக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் காப்பது பேஸ்ட். டியூபைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, அளவை டியூபில் அச்சிட வேண்டும் என்பது விதி. 0.76 விழுக்காடு சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்றிருந்தாலும், 0.22 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு என்றிருந்தாலும் அது 1000 பிபிஎம்தான். மூலிகை, கிராம்பு, உப்பு, கரி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு இந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள். வேப்பங்குச்சி மாவை எடுக்கும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை; ஆனால் ஃபுளோரைடு தராது.

மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, அதில் கால் மில்லிகிராம் ஃபுளோரைடு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்கு அலையாகப் பிதுக்கினால் அதைப் போலப் பல மடங்கு. சிறு பிள்ளை அதில் பெரும்பங்கை விழுங்கும், கறைக்கு அதுவும் ஒரு காரணம். ஏழு எட்டு வயது வரை பெரியவர் கையால்தான் துலக்கிவிட வேண்டும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நாலு தடவை கொப்பளித்தால் ஃபுளோரைடு முழுக்க வெளியே போய்விடும். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறையும், ஆகவே இரவுத் துலக்கலை விடவே கூடாது. அதற்குப் பிறகு சீனி போட்ட பால் கொடுப்பதும், பால் பாட்டிலோடு தூங்கவைப்பதும் எல்லாவற்றையும் வீணாக்கும். 100 கிராம் டியூபில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. பத்துக் கிலோ குழந்தை பாதி டியூபைத் தின்றால் விபரீதம். அப்படி நடந்தால் உடனே பால் குடிக்கக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாலின் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். டியூப் கைக்கு எட்டாத மாடத்தில் இருக்கட்டும்.

பலகாரத்தை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, அவசியமும் இல்லை. கும்மாயம், கந்தரப்பம், மனகோலம் எதுவானாலும் சாப்பாட்டோடு ஒரே தடவையாகத் தின்றால் அமில நேரம் அரை மணி. பலகாரத் தூக்கைத் திறந்துவைத்துப் போக வர ஒன்றாக எட்டுத் தடவை எடுத்தால் நான்கு மணி நேரம். அளவு ஒன்றே, பல் படுகிற பாடு வேறு.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்கள், மாத்திரைகளால் வாய் வறண்டுபோகிறவர்கள், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் தங்கள் பல் டாக்டரிடம் வார்னிஷ் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். வேருக்கு எனாமல் கிடையாது, அது இன்னும் சீக்கிரம் கரையும்.

கடைசியாக, அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். பல் சொத்தை அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. பூச்சுக்குத் தேவையான இடைவெளியும் அதே ஆறு மாதம்தான். பயிற்சி பெற்ற செவிலியர் இதைப் போட முடியும். நாற்காலி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பஞ்சுத் துணியும் ஒரு கைவிளக்கும் 0.25 மில்லிக் கிண்ணமும் போதும். குழு வரும் வண்டியில் இந்தப் பெட்டியையும் ஏற்றி அனுப்ப உத்தரவிட வேண்டும். பூசிய தேதியைக் குழந்தையின் அட்டையில் எழுதிக்கொடுத்தால், அடுத்த முறை எப்போது என்று தாய்க்கே தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரப் பல் மருத்துவர்கள் சிலர்